லோரீனின் ரிவால்வர் இடைவெளி

நான் அதைத் தொட்டிருக்கவே கூடாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்துக் கதை சொல்லும் பொறுமை எனக்குக் கிடையாது.

லோரீன் எங்கள் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஐடஹோவின் ஜனவரிப் பனியில் முப்பது பிள்ளைகளோடு மலைச்சாலையில் இறங்கிவருவாள். ஸ்டியரிங்கில் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. அவள் புருஷன் டெல்பர்ட்தான் எங்கள் துப்பாக்கி சுடும் கழகத்தின் பெரிய ஆள். 1979இல் நாற்பதுக்கு முப்பத்தேழு இரும்பு உருவங்களைச் சாய்த்தான். ஆறு வருடமாக அந்த எண் கழகச் சுவரில் அவன் பெயரோடு இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. பேச்சும் பாதிதான் வருகிறது.

அந்த இரும்பு உருவங்களை வெட்டித் தருகிறவன் நான், ஆர்லோ, வெல்டிங் பட்டறைக்காரன். கோழி, பன்றி, வான்கோழி, கடைசியாக இருநூறு மீட்டரில் ஆட்டுக்கடா, ஒவ்வொன்றிலும் பத்து. குண்டு பட்டால் மட்டும் போதாது, உருவம் கீழே விழ வேண்டும். கணீரென்று சத்தம் போட்டுவிட்டு நிற்கிற கடாவுக்கு ஒரு புள்ளியும் கிடையாது.

டெல்பர்ட்டின் ரிவால்வர் தனி ரகம். குழலைக் கழற்றி வேறு குழல் மாட்டலாம். மூன்று குழல்களும் ஒரு மெல்லிய எஃகுத் தகடும் மரப்பெட்டியில் இருக்கும். குழலைக் கையால் திருகும்போது, அதற்கும் தோட்டாக்கள் சுழலும் சிலிண்டருக்கும் நடுவே அந்தத் தகடு நுழையும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். பிறகு குழலின்மேல் எஃகு உறையைச் செருகி, முனையில் நட்டை இறுக்க வேண்டும். இடைவெளி அதிகமானால் நெருப்பு பக்கவாட்டில் பீறிட்டுக் குண்டின் வேகம் குறையும். குறைவானால் சூடேறியதும் சிலிண்டர் சிக்கிக்கொள்ளும். "எவ்வளவு இறுக்கமாடா வைக்கிற?" என்று டெல்பர்ட்டைக் கேட்டால், "அது வீட்டு ரகசியம்" என்று கண்ணடிப்பான்.

இப்போது அதைச் சுடுகிறவள் லோரீன். சமையலறை மேசையில், முட்டை வேகவைக்கும் கடிகாரத்தை முடுக்கி வைத்துவிட்டுக் குழல் மாற்றிப் பழகுவாள். நட்டைத் திருகும் சாவி, பஸ் சாவிக் கொத்திலேயே தொங்கும். ஆனாலும் வாயைத் திறந்தால் "டெல்பர்ட்டோட துப்பாக்கி" என்றுதான் சொல்வாள்.

அதன்மேல் கண் வைத்திருந்தவன் டெல்பர்ட்டின் தம்பி ராய்ஸ். கெட்டவன் இல்லை, வாய்தான் நீளம். அவன் நச்சரிப்பு தாங்காமல் டெல்பர்ட் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டான். செப்டம்பர் கடைசிப் போட்டிக்குள் லோரீன் முப்பத்தேழைத் தாண்டினால் ரிவால்வர் அவளுக்கு. இல்லாவிட்டால் பெட்டியோடு ராய்ஸுக்கு.

அந்தக் கடைசிப் போட்டியன்று முப்பது உருவங்களில் இருபத்தெட்டைச் சாய்த்திருந்தாள். பத்துக் கடாக்கள் பாக்கி, பத்தும் விழுந்தால் முப்பத்தெட்டு. நடுவில் சாப்பாட்டு இடைவேளை. பொரித்த கோழியைத் தட்டில் வைத்துக்கொண்டு ராய்ஸ் சீண்டினான்.

"அண்ணி, பெட்டிய எங்க வைக்கிறதுன்னு அலமாரியில இடம்கூட ஒழிச்சுட்டேன்."

"அங்க உன் பல்செட்ட வச்சுக்கோ. கைக்கு எட்டும்."

அவள் டெல்பர்ட்டுக்கு ஊட்டிவிட வண்டிப்பக்கம் போனாள். ரிவால்வரும் சாவிக் கொத்தும் மேசைமேல் கிடந்தன. போன மாதம் அவளுடைய கடா ஒன்று ஆடிவிட்டு அப்படியே நின்றது என் நெஞ்சிலேயே இருந்தது. இடைவெளியைக் கொஞ்சம் சுருக்கினால் குண்டுக்கு வேகம் கூடுமே என்று தோன்றியது. சாவியால் நட்டைக் கழற்றி, சிகரெட் சுருட்டும் தாளை இரண்டாக மடித்து நடுவே வைத்து, குழலைத் திருகி, தாளை உருவிவிட்டு நட்டை இறுக்கிவிட்டேன். உதவி செய்கிறேனாம்!

முதல் ஐந்து கடாக்கள் கும்பிட்டு விழுந்தன. தொலைநோக்கி வழியே பார்த்துச் சொல்வது என் வேலை. ஒவ்வொன்றும் விழ விழ எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஐந்துக்கு இரண்டு நிமிடம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, காலின் பக்கவாட்டில் ரிவால்வரைச் சாய்த்துச் சுட்டாள். நெருப்பு சுடாமலிருக்கக் கெண்டைக்காலில் தோல்பட்டை கட்டியிருந்தாள். ஒன்று விழுந்தது. இரண்டு. மூன்று. மொத்தம் முப்பத்தாறு.

நான்காவதற்குக் கட்டைவிரல் ரிவால்வரின் பின்பக்கச் சுத்தியலை இழுத்தது. அசையவில்லை. சிலிண்டர் சிக்கிக்கொண்டது.

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். "தொட்டியா?"

"தொட்டேன்."

"நேரம்?"

"எழுபது வினாடி இருக்கு."

துப்பாக்கி கோளாறானால் மறுவாய்ப்பு கிடையாது, நேரத்துக்குள் சரிசெய்துகொள்ளலாம், அவ்வளவுதான். எழுந்து உட்கார்ந்து, குழலைக் குண்டு தாங்கும் மண்மேட்டுப்பக்கம் நீட்டியபடி சிலிண்டரைத் தட்டித் திறந்து தோட்டாக்களைக் கொட்டினாள். நட்டு கழன்றது, உறை வந்தது. அளவுத் தகடோ வண்டியில், பெட்டிக்குள். தோட்டா அட்டைப்பெட்டியின் மூடியில் ஒரு துண்டைக் கிழித்து நடுவே வைத்துக் குழலைத் திருகினாள். அட்டை தகட்டைவிட ரொம்பத் தடிமன். இடைவெளி கூடப்போகிறது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"முப்பது."

உறை, நட்டு, சாவி. இரண்டு தோட்டா. படுத்தாள்.

"பதினாறு."

சுட்டாள். பக்கவாட்டில் பீறிட்ட நெருப்பு தோல்பட்டையைக் கிழித்தது. நான்காவது கடா யோசித்து யோசித்து விழுந்தது. முப்பத்தேழு.

"முதுகுல வை லோரீன், மேல வை!" என்று கத்தினேன். கீழே பட்டால் விழுத்தும் வேகம் அதில் இல்லை.

சுட்டாள். சரியாக முதுகு விளிம்பில் பட்டது. கடா பின்னால் சாய்ந்தது, முன்னால் வந்தது, மறுபடி சாய்ந்தது. நின்றுவிட்டது. நான் வெட்டிய கடாவை நானே சபித்தேன்.

அவள் காலில் ரத்தம் கசிந்தது. துடைக்கக்கூட இல்லை. நொண்டிக்கொண்டே வண்டிக்குப் போய், ரிவால்வரைப் பெட்டியில் வைத்து ராய்ஸிடம் நீட்டினாள். தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. வாக்கு வாக்குதான்.

ராய்ஸ் பெட்டியைத் திறந்து குழல்களைத் தடவிப் பார்த்தான். "அண்ணே, இடைவெளி எவ்வளவு வைக்கணும்? இந்தத் தகட்ட எந்தப் பக்கமா நுழைக்கிறது?"

டெல்பர்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பேச வராமல்தான் என்று நினைத்தோம்.

"சும்மா சொல்லுண்ணே. இன்னும் என்ன ரகசியம்?"

"எனக்கு... தெரியாது." டெல்பர்ட்டின் கண் நிறைந்துவிட்டது. "ஒரு நாளும்... நான் மாட்டினதில்ல. எல்லாம் அவ. அந்த முப்பத்தேழுக்கும்... அவதான் வச்சுக் குடுத்தா. நான்... விசைய அழுத்தினேன். ஊர்ல வெளிய சொல்ல... வெக்கமா இருந்துச்சு."

நாங்கள் அத்தனை பேரும் லோரீனைப் பார்த்தோம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக அவள் கற்றுக்கொள்கிறாள் என்று நம்பிய மடையன் நான். அந்த முப்பத்தேழுக்கும் முன்பிருந்தே அவள் செய்துவருகிற வேலைக்குத்தான் அந்தக் கடிகாரம்.

ராய்ஸ் பெட்டியை மூடி அவள் கையில் வைத்தான். "அண்ணன் தன்னோடது இல்லாதத எனக்கு வாக்குக் குடுத்திருக்கான் அண்ணி. அது செல்லாது."

அவள் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

"ஆர்லோ, இன்னொரு தடவ என் துப்பாக்கியத் தொட்ட, பஸ்ஸ உன்மேல ஏத்திடுவேன்."