வெள்ளைச் சுவரில் கிளிப்பச்சை

இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்தது மாதிரி கம்ப்யூட்டரில் படம் போட்டுத் தருகிறவர்கள் ராஜபாளையத்தில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் கிருபாபாய். மற்றவர்கள் படத்தில் வெளிநாட்டு மரம் நிற்கும், யாரோ ஒரு வெள்ளைக்காரி நாயைப் பிடித்துக்கொண்டு நடந்துபோவாள். வாசல் எந்தத் திசையைப் பார்த்தாலும் சூரியன் கூலிக்கு வந்தவன் மாதிரி எதிரிலேயே நிற்பான். கிருபாபாய் படத்தில் வேப்பமரமும் கரண்டுக் கம்பமும் இருக்கும். சூரியன் அந்த மாதத்தில் அந்த மணிக்கு எங்கே நிற்பானோ அங்கேதான் நிற்பான்.

வெளிச்சம் எதில் பட்டு எங்கே தெறிக்கிறது என்று கதிர் கதிராகக் கணக்குப் போடுகிற சாஃப்ட்வேர் அவளுடையது. ஒரு படம் முடிய ஆறு மணி நேரம். அதுவரை வீட்டில் கிரைண்டர் போடக் கூடாது, வோல்டேஜ் இறங்கிவிடும். "படம் வெந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவள் புருஷன் ஜோயல் மாவாட்டவே உட்காருவான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் அவளுக்கு இதே புத்திதான். பாதிரியாரின் வெள்ளை அங்கியில் முழங்கால் உயரத்துக்குச் சிவப்புத் தரையின் சாயல் ஏறியிருப்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இன்ஜினியர் கௌதம்ராஜ் அவளிடம் மம்சாபுரம் ஆவுடையப்பன் வீட்டைக் கொடுத்தார். ஆவுடையப்பன் சரி சொன்னால், அடுத்துக் கட்டப்போகும் பதினெட்டு வீடுகளின் படமும் அவளுக்கு. முகம் சுளித்தால் எல்லாம் மதுரைக்காரனுக்கு. ஆறு வருஷமாக ஒற்றை ஒற்றை வீடாகப் போட்டுக்கொண்டிருந்தவள் அன்றைக்கே மம்சாபுரத்துக்குப் பஸ் ஏறினாள்.

ஆவுடையப்பன் பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறவர். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். கிழக்குப் பார்த்த வீடு, தும்பைப்பூவாக இருக்கணும் என்றார். நாலு மணிக்குத் தறியிலிருந்து வந்து வாசலில் உட்காருகிற நேரத்தைத்தான் படமாகப் போடணும் என்றார். கிருபாபாய் தெருவில் நின்று எதிர்வீடு உட்பட எல்லாவற்றையும் அளந்து, படத்தை வேகவைத்துக் கொண்டுபோய் நீட்டினாள்.

"ஏம்மா, சொவத்துல பாசி புடிச்சிருக்கே" என்றார் ஆவுடையப்பன்.

பாசி இல்லை. எதிர்வீடு அவருடைய சகலை பால்பாண்டியுடையது. அடித்திருப்பது கிளிப்பச்சை. சாயங்கால வெயில் அந்தச் சுவரில் விழுந்து தெறித்து, நிழலில் நிற்கும் உங்கள் வெள்ளையில் வந்து ஏறும் என்று விளக்கினாள். ஆவுடையப்பனுக்கு முகம் கடுத்துவிட்டது. சகலைகள் இருவரும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. பால்பாண்டி புதுவீட்டுப் பால்காய்ப்பு அன்று அத்தனை பேர் முன்னால் இவர் அந்த வீட்டைக் கிளிக்கூண்டு என்று சொன்னதுதான் காரணம். அவன் பச்சை என் வாசலுக்கு வருமா, படத்தில் அதை அழி என்றார். போனில் கௌதம்ராஜும் அதையேதான் சொன்னார்.

அழிப்பது ரெண்டு நிமிஷ வேலை. எதிர்வீட்டைத் தூக்கிவிட்டால் போதும். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பாழாய்ப்போன வாய், வேறு பேசியது.

"படத்துல அழிச்சிருதேன் அண்ணாச்சி. கட்டுன பொறவு சொவத்துல எத வச்சு அழிப்பீக? சந்தேகம்னா நாலு மணிக்கு ஒங்க துணியவே கட்டிப் பாத்துருவோம்."

தன் துணியைப் பற்றிச் சொன்னதால்தான் ஆவுடையப்பன் இறங்கி வந்தார். பாதி எழும்பியிருந்த வீட்டின் ரெண்டு தூண்களுக்கு நடுவே பேண்டேஜ் துணியை நீளமாக இழுத்துக் கட்டினார்கள். யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று பதறி எதிர்வீட்டிலிருந்து பால்பாண்டி ஓடிவந்தார். எல்லோரும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணி பச்சையாக இருந்தது. ஆவுடையப்பன் கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், கடைசியில் தன் வேட்டியைப் பார்த்தார். அதுவும் பச்சை.

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் சகலையிடம் வாய் திறந்தார். "சகல, ஒம்ம பச்சை எங்க வீடு வரைக்கும் வருதுவே."

பால்பாண்டி தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கே புடிக்கல சகல. பெயின்டர் தப்பாக் கலந்துட்டான். மறுவாரமே மாத்தணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீரு கிளிக்கூண்டுன்னுட்டீரு. மாத்துனா ஒமக்குப் பயந்து மாத்துன மாதிரில்லா ஆகும்? மூணு வருசமா நானும் இதுக்குள்ளதானே கெடக்கேன்."

துணியின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்ற கிருபாபாய்க்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. ஆவுடையப்பன் போனை எடுத்து கௌதம்ராஜைக் கூப்பிட்டார்.

"படம் சரியாத்தான் இருக்கு. தப்பு சொவத்துலதான் இருக்கு."

பிறகு எதிர்வீட்டுக்கு என்ன நிறம் என்று சகலைகள் சண்டையை ஆரம்பித்தார்கள். அது முடிகிற பாடாக இல்லை. ரெண்டு வீட்டையும் சேர்த்து நாலு நிறத்தில் படம் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டாள். உளுந்தை ஊறப்போட்டிருந்த ஜோயல், படம் வேக எவ்வளவு நேரமாகும் என்று கேட்டான்.

"மொதல்ல நாலு படம். பொறவு பதினெட்டு வீடு" என்றாள் கிருபாபாய். "இனிமே நமக்குக் கடை மாவுதாங்க."

ஜோயல் உளுந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் ஈர மாவு ஆட்டித் தருகிற மில்லுக்கு நடந்தான்.