உங்களுக்குப் படித்துக் காட்டும் குரல்

பிள்ளைகளே, இதை நீங்கள் படிக்கப் போவதில்லை, கேட்கத்தான் போகிறீர்கள். தமிழ் உங்களுக்குப் புரியும், எழுத்துதான் தெரியாது. நான் எதை எழுதி அனுப்பினாலும் போனில் ஒரு பொத்தானை அழுத்துவீர்கள். ஒரு குரல் படித்துக் காட்டும். உங்கள் பதில் தெலுங்கில் வரும். அந்தக் குரல் நின்றுபோக இருந்த ஒரு மாலையைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தக் குரலைச் செய்தவர்களில் ஒருத்தி நான் ஓட்டும் கம்பெனி வேனில் தினமும் வருகிறவள். கோயம்புத்தூர்ப் பெண். என் போனில் அதைப் போட்டுக் கொடுத்ததும் அவள்தான். அன்று ஆபீஸ் இருக்கும் கச்சிபௌலியிலிருந்து உப்பலுக்குத் திரும்பும்போது நல்ல மழை. மேம்பாலத்தில் வண்டிகள் அசையவில்லை. முன்னால் நின்ற சிவப்பு விளக்குகள் கண்ணாடித் தண்ணீரில் கரைந்து கரைந்து வழிந்தன. வேனில் மிச்சம் அவளும் அவளுடைய தோழியும்தான்.

"இந்தக் குரல் வேலையை மூடிடப் போறேன்டி," என்றாள் தோழியிடம். "ஆபீஸ் முடிஞ்சு வந்து தினமும் இதைத் திருத்திட்டு உக்காந்திருக்கேன். இணையத்துல என்னன்னா, இது நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்காம், 'செய்தி வாசிக்கிற அம்மா வீட்டுக்குள்ள வந்துட்டாங்க'ன்னு மீம் போடறாங்க."

"அந்த மீம் நல்லாத்தான்டி இருந்துச்சு."

"சிரி, நல்லா சிரி. அப்ப வேற குரல் குடுங்கன்னா ஒருத்தரும் வரல."

நான் திரும்பினேன். அவசரத்தில் வாயில் உருதும் கலந்து வந்தது: "கைக்கும்மா, ஏன் மூடணும்? என் பசங்க அதுலதான் நான் எழுதறதைக் கேக்கறாங்க."

அந்தக் குரல் எப்படி உருவாகிறது என்று அவள் மெதுவாகச் சொன்னாள். போனில் ஒரு வாக்கியம் வருமாம். யார் வேண்டுமானாலும் அதைப் படித்து அனுப்பலாமாம். முன்பின் தெரியாத இரண்டு பேர் கேட்டுச் சரி என்றால், அது குரலோடு சேர்ந்துவிடும். மென்பொருளுக்கு உள்ளே இருப்பதும் எல்லோருக்கும் திறந்தே கிடக்குமாம். கனடாவில் ஒருவர் கொஞ்சம் திருத்தி வைத்துவிட்டுத் தூங்கப் போவார், இங்கே இவள் எழுந்து அதைத் தொடர்வாள். நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. அந்த மழைச் சத்தத்தில் கேட்டபோது, தூங்குகிறவர்களும் விழித்திருப்பவர்களும் சேர்ந்து எங்கேயோ ஒரே வாயை மெல்ல மெல்லச் செய்துகொண்டிருப்பதுபோல் எனக்கு இருந்தது.

"நம்ம செகந்திராபாத் தமிழ் ஆகுமாம்மா? நடுவுல ஆமாவுக்கு ஹவ்வும் வேணாமுக்கு நக்கோவும் வந்துடுமே. மெஷின் கெட்டுடாது?"

தோழி கைதட்டிச் சிரித்தாள். அவளும் சிரித்துவிட்டாள். "கெட்டா திருத்திக்கலாங்ணா. திறந்து வச்சிருக்கறதே அதுக்குத்தானே."

"அப்ப, மூடறது?"

"ஒரு புதுக் குரலாச்சும் வரட்டும், பாக்கலாம்," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உப்பலில் இருவரும் இறங்கிப் போனார்கள். மழை விட்டிருந்தது. வேனை ஓரம் கட்டினேன். கண்ணாடிகளை ஏற்றி, ரேடியோவை அணைத்துவிட்டுப் போனை எடுத்தேன். படித்து அனுப்ப வேண்டிய முதல் வாக்கியம் வந்தது: 'நீங்கள் சாப்பிட்டீர்களா?'

"இன்னும் இல்லம்மா, வீட்டுக்குப் போய்த்தான்," என்று பதில் சொல்லிவிட்டேன்.

படிப்பதற்குப் பதில் அதுவே பதிவாகிவிட்டதே என்று அதை அழித்தேன். வேன் கூரையில் மரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்தேன். பின்சீட்டில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, உங்களைக் கேட்பதுபோலவே மறுபடி படித்து அனுப்பினேன்.