மாமி பொலிசிடம் வழி கேட்ட நாள்

எனக்கு அப்போது ஒன்பது வயது. பிரெஞ்சுத் தலைநகரின் லாச்சப்பல் பகுதியில் ஒரு காய்கறிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், சின்னமாமா. சின்னமாமா அம்மாவின் தம்பி. அவருடைய அகதி வழக்கை இரண்டு தடவை நிராகரித்துவிட்டார்கள் என்பதையும் அவரிடம் விசா இல்லை என்பதையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குத் தெரியும். யாராவது கதவைத் தட்டினால் அவர் குளியலறைக்குள் போய்விடுவார். நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவேன். பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது மூன்று பேரைத்தான் வரைந்தேன். ஆசிரியை நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்.

அந்தக் கோடையில் அப்பாவின் அக்கா, என் மாமி, கனடாவிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். மாமி "எங்கடை நாடு" என்று சொல்லும்போதெல்லாம் யாழ்ப்பாணத்தைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எங்கடை நாட்டில் எட்டு மாதம் பனி கொட்டும் என்று அவர் சொன்ன அன்றுதான் அது கனடா என்று விளங்கியது.

அந்த வருடம் அகதிகளாகப் புறப்பட்ட எங்கள் ஆட்களை ஏற்றிய கப்பல் ஒன்று கனடாக் கரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது அப்பா அதைப் பற்றிக் கேட்டார்.

"அங்கத்தைச் சனம் முந்தின மாதிரி இல்லைத் தம்பி," என்றார் மாமி. "அவையளுக்கு அலுத்துப்போச்சுது. கப்பலைத் திருப்பி அனுப்பவேணும் எண்டுதான் என்ரை வேலையிடத்திலை எல்லாரும் சொல்லுகினம். நானும் அதைத்தான் சொல்லுறன். வாறதெண்டால் வரிசையிலை நிண்டு வரவேணும்."

"நீங்களும் வரிசையிலை நிண்டே அக்கா போனனீங்கள்?"

"அது அந்தக் காலம். அப்ப எங்களை விரும்பினவை." மாமி சொதியை ஊற்றிக்கொண்டார். "இப்ப அப்பிடியில்லை. கள்ளமா ஆர் வந்தாலும், கண்டால் சொல்லவேணும். அதுதான் இருக்க இடம் தந்த நாட்டுக்கு நாங்கள் காட்டுற விசுவாசம்."

சின்னமாமா பாதிச் சோற்றோடு கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன்பிறகு மாமியை நான் தனியாக விடவில்லை. அவர் தொலைபேசியை எடுத்தால் பக்கத்தில் போய் நின்றேன். கடைக்குப் போனால் கூடவே போனேன். "உன்ரை சின்னமாமா எந்த ரெஸ்ரோறன்டிலை வேலை செய்யிறார்?" என்று அவர் ஒருநாள் கேட்டபோது, தெரியாது என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு ஓடினேன். "இவளுக்கு என்னிலை நல்ல வாரப்பாடு, என்னை விட்டு விலகுறாளில்லை," என்று மாமி அம்மாவிடம் மகிழ்ச்சியாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை மாமிக்கு ஈஃபில் கோபுரம் காட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை. மெற்றோவில் ஏற்றிவிடுகிறேன் என்று சின்னமாமா எங்களோடு வந்தார். மெற்றோ அங்கே தெருவுக்கு மேலே பாலத்தில் ஓடும். மூலையால் திரும்பினால், படிக்கட்டின் அடியில் நான்கு பொலிஸ்காரர்கள். வருகிறவர்களை மறித்து விசாக் கார்ட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி நடந்தால் அவர்கள் கண்ணில் படும் அளவுக்கு நாங்கள் கிட்டப் போய்விட்டோம். சின்னமாமா நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமி பொலிசைப் பார்த்தார். சின்னமாமாவைப் பார்த்தார். ஏதோ சொன்னார். தலைக்கு மேலே ரயில் போனதால் எனக்குக் கேட்கவில்லை. பிறகு கைப்பையைத் திறந்து தன் கனடாப் பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு நேரே பொலிசிடம் நடந்தார்.

மாமி ஆங்கிலத்தில் உரக்கப் பேசினார். நான்கு பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சின்னமாமா என் கையை விட்டுவிட்டுக் கடைகளின் பக்கமாக மெல்ல நடந்தார். அந்த நேரம் பார்த்து மாமி கையை நீட்டி எங்கள் பக்கம் காட்டினார். ஒரு பொலிஸ்காரர் திரும்பினார்.

"மாமா, ஓடுங்கோ! மாமி சொல்லிப்போட்டா!"

அவ்வளவு பலமாக நான் அதற்குமுன் கத்தியதில்லை. சின்னமாமா ஓடினார். ஓடியதால்தான் பொலிஸ்காரர்கள் துரத்தினார்கள். தெருவைக் கடக்கும் இடத்தில் பிடித்துவிட்டார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. நானும் அவருக்குத் தெரிந்தவள் என்று யாரும் கண்டுவிடக்கூடாது என்பதற்காக அவர் அப்படிச் செய்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தடுப்பு நிலையத்தில் அவரை மூன்று வாரம் வைத்திருந்தார்கள். அம்மா உடுப்புக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். கடைசியில் நீதிபதி ஒருவர் விட்டுவிட்டார். ஆனால் சின்னமாமா எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. வில்லியே லே பெல் என்ற புறநகரில் ஒரு சிநேகிதரோடு தங்கினார். அவருக்கு விசா கிடைத்தபோது நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அன்று படிக்கட்டடியில் மாமி தனக்குச் சொன்னதைச் சின்னமாமா அப்போதுதான் என்னிடம் சொன்னார்: "நான் அவங்களைப் பேச்சிலை பிடிச்சு வைக்கிறன். நீர் ஓடாமல் நடந்து போம், தம்பி."

மாமி கோபுரத்துக்கு வழி கேட்டிருக்கிறார். பொலிஸ்காரர்கள் ஒரு பக்கம் காட்ட, இல்லை, அந்தப் பக்கம்தானே என்று வேண்டுமென்றே மறுபக்கம் காட்டி வாதாடியிருக்கிறார்.

அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. மாமி பயணத்தைத் தள்ளிப்போட்டு, சின்னமாமா வெளியே வரும்வரை எங்களோடு இருந்தார். போவதற்கு முதல் நாள் பெட்டி அடுக்கும்போது என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் பிள்ளை அண்டைக்கு அப்பிடிக் கத்தினனீ?"

"நீங்கள் மாமாவைக் காட்டிக் குடுக்கிறியள் எண்டு நினைச்சன்."

"நானோ?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள், கண்டால் சொல்லவேணும் எண்டு."

மாமியின் கை பெட்டிக்குள்ளேயே நின்றது. முகம் கறுத்துப்போயிற்று. அடிக்கப்போகிறார் என்று நினைத்து நான் கதவுப் பக்கம் ஒதுங்கினேன். பிறகு, "போ பிள்ளை, போய் விளையாடு," என்றார்.

தப்பினேன் என்று ஓடினேன். மாமிக்கு என்மேல் கோபம் என்றுதான் பல வருடங்களாக நம்பியிருந்தேன். சாப்பாட்டுக்கு நடுவே தான் சொன்னதை ஒரு பிள்ளை அப்படியே நம்பிவிட்டது என்பதை அவர் அந்த இடத்தில்தான் கண்டார் என்பது, கதவடியில் நின்ற எனக்கு விளங்கவில்லை.