தெருவில் கிடக்கும் சாமி படங்கள்

தெருவில் கிடக்கும் தீப்பெட்டிப் படத்தில் முருகன் இருந்து, அதன்மேல் என் கால் பட்டுவிட்டால் பாவம் யாருக்கு? பார்க்காமல் மிதித்த எனக்கா, சாமியை அச்சடித்துப் பெட்டியில் ஒட்டி விற்றவர்களுக்கா, குச்சி தீர்ந்ததும் விட்டெறிந்தவர்களுக்கா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்ததிலிருந்து இந்தப் படங்களோடு மல்லுக்கட்டுகிறேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுகிறார்கள். காற்றடித்தால் லட்சுமியும் பிள்ளையாரும் சாக்கடை ஓரம்வரை பறக்கிறார்கள். கால் பட்டால் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். சரியாக ஒற்றவில்லையோ என்று தோன்றும், மறுபடியும் ஒற்றுவேன். பிறகு கால் படாத படங்களையும் எடுக்க ஆரம்பித்தேன். பார்த்தும் விட்டுவிட்டு வந்து, பின்னால் வருகிறவர் மிதித்தால்? எடுத்ததைக் குப்பையில் போட முடியாது, அடுப்பில் போட மனம் வராது. பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்துக் கிணற்றில் போடுவேன்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். மழை எதனால் பெய்கிறது என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் எப்போதும்வென்றான் கிராமத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் ஒரு வருஷம் மழை பொய்த்துப் பருத்தி கருகியபோது, அம்மா பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, "எவ எதை மிதிச்சா? உண்மையைச் சொல்லுங்கட்டி" என்று கேட்டாள். நான் பாடப் புத்தகத்தை மிதித்திருந்தேன். ஊர்ப் பருத்திக் காடு முழுவதும் என்னால்தான் காய்கிறது என்று நினைத்து அழுதேன். சின்னப் பிள்ளையின் காலுக்கு மழையை நிறுத்தும் பலம் உண்டென்று சொல்லப் பெரியவர்களுக்கு எப்படி மனம் வந்தது? இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

இந்தப் பயம் என்னோடு போகட்டும் என்றிருந்தேன். போகவில்லை. என் மகள் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும் வழியில் என் கையை உதறிவிட்டு நடுரோட்டுக்கு ஓடினாள். அங்கே ஒரு படம் கிடந்தது. டவுன் பஸ் அவளை உரசுகிற மாதிரி வந்து நின்றது.

"ஏம்மா, பிள்ளையைக் கையில புடிச்சுக் கூட்டிட்டுப் போக மாட்டீகளா?" என்று டிரைவர் கத்தினார். "சாமி படம் எடுக்கப் போயி சாமிகிட்டயே போயிருக்கும்!"

என் மகளோ படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவையும் ஒற்றினாள். எனக்கு உயிரே போய்விட்டது.

வீட்டில் சொன்னால் மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "இந்த வயசுலயே என்ன பக்தி! அந்த முருகன்தான் பிள்ளையைக் காப்பாத்தியிருக்கான்."

"பிரேக் போட்டது டிரைவர், அத்தை."

"ஏட்டி, வாயைக் கழுவு!"

என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஆத்தாளும் மகளும் இப்படியே பொறுக்குனா முனிசிபாலிட்டிக்குத் தெருக்கூட்ட ஆளே வேண்டாம்."

ஒருவருக்குப் பக்தி, இன்னொருவருக்குக் கேலி. பிள்ளை பஸ்ஸில் அடிபட இருந்தது யாருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பார்க்க ஒரு படத்தை மிதித்தேன். குனியவில்லை. கால் கூசியது. "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்று சொல்லி அவளை வகுப்பில் விட்டு வந்தேன். மத்தியானம் டீச்சர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். காலையிலிருந்து அழுகை, சோற்றுத் தூக்கைத் திறக்கவே இல்லையாம். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து என் காலைத் தடவிப் பார்த்தாள்.

"எம்மா, சாமி படத்தை மிதிச்சேல்லா, நீ செத்துப் போயிருவியா?"

அங்கேயே அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் கிடந்த படங்களை எடுக்கவும் இல்லை, மிதிக்கவும் இல்லை. ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். அதையும் அவள் இடுப்பில் இருந்தபடி கவனித்தாள்.

நான் குனிந்தால் அவள் கற்றுக்கொள்கிறாள். குனியாவிட்டால் நடுங்குகிறாள். இதை வாசிக்கிற தாய்மாரில் யாராவது இந்தப் பயத்தைப் பிள்ளையின் மனசிலிருந்து எடுத்திருந்தால், முதலில் என்ன செய்தீர்கள், பிள்ளையிடம் என்ன வார்த்தை சொன்னீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். கோயிலுக்குப் போ, விளக்குப் போடு என்று மட்டும் எழுதாதீர்கள். அதையெல்லாம் குறைவில்லாமல் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.