வாடகைக்கு இனிப்பு

குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள், வார்டைத் துடைக்கும் ஆயாவின் கையில் பணத்தை அழுத்துவார்கள். நர்ஸ் அக்காவிடம் இனிப்புப் பெட்டி கொடுப்பார்கள். படித்தவளுக்குப் பணம் நீட்டினால் மரியாதைக் குறைவாம். நான்கு வருடம் படித்து, ஊசி, மருந்து, ஆக்சிஜன் குழாய் என்று ஒரு வார்டையே ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டபோதும், மாதக் கடைசியில் அவள் ஆயாவிடம்தான் கைமாற்று வாங்கினாள்.

"படிக்காம இருந்திருந்தா பொழைச்சிருப்பே, கண்ணு," என்று ஆயா சிரிப்பாள்.

வீட்டு வாடகை ஏறிய மாதம், அன்று வந்த பெட்டியோடு அவள் மேலாளர் அறைக்குள் போய்ச் சம்பளத்தை உயர்த்தித் தரும்படி கேட்டாள்.

"இது சேவைம்மா. ஜனங்க உங்களை எவ்வளவு மதிக்கிறாங்க, பாருங்க!" என்றார் மேலாளர்.

அவள் பெட்டியை அவர் மேசைமேல் வைத்தாள்.

"அந்த மதிப்பு இதுக்குள்ளதான் இருக்கு, சார். வாடகைக்குப் பதிலா இதை வீட்டுக்காரர் வாங்கிக்க மாட்டேங்கிறாரு."

மேலாளர் பெட்டியை ஓரமாக நகர்த்தினார். "யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

வெளியே ஆயா காத்திருந்தாள். "என்ன சொன்னாரு? பெட்டி எங்கே?"

"யோசிக்கிறாராம். முடிவு சொல்ற வரைக்கும் எனக்கு வர்ற பெட்டியெல்லாம் அவர் மேசைக்குத்தான்."

"சம்பளம் ஏறுறதுக்குள்ள அவருக்குச் சர்க்கரை ஏறிடும்டி!"

"ஏறட்டும். ஊசி போட நான்தானே வரணும்," என்றபடி நர்ஸ் அக்கா வார்டுக்கு நடந்தாள்.