நீல் கழுவிய சந்தை

என் தம்பி நீல் இதுவரை ஜெயித்தவை: கம்பளி கத்தரிக்கும் போட்டியில் மூன்றாம் பரிசு, அதுவும் கட்டைவிரலில் கட்டுப் போட்டுக்கொண்டு. தபாலாபீஸ் வெண்டியின் கை, அவளுடைய அப்பா இரண்டு முறை நாயை ஏவிவிட்ட பிறகும். அந்த நாயின் அன்பு. கடைசியாக, எங்கள் விர்ராபெல் ஆட்டுச் சந்தைக்கு அரசாங்கப் பணத்தில் ஒரு கூரை. நான்கிலும் இதுதான் பெரிது. அது கிடைக்காமல் போக என்னவெல்லாம் செய்ய முடியுமோ அத்தனையையும் அவனே செய்தான்.

சந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு. சந்தை நாளான செவ்வாய் விடியற்காலையில் பட்டிக் கதவுகளின் கொக்கிகளை எல்லாம் ஒரே பக்கம் பார்த்துத் திருப்பி வைப்பான். லாரியிலிருந்து இறங்கும் ஆட்டின் முதுகில் வைக்கோல் ஒட்டியிருந்தால் எடுத்துவிடுவான். "விலைக்கு நிக்கப் போகுதுல்ல, பாவம்" என்பான். ஏலம் கூவும் டெஸ், ஆடுகளுக்கு மேலே நடைபலகையில் ஏறுவதற்கு முன்னால், தன் கழுத்து டையை நீல் சரிசெய்யட்டும் என்று தலையைக் குனிந்து நிற்பார். "ஏலம் நான் விடறேன் மாப்ளே, கல்யாணத்துக்குப் போகல" என்று முணுமுணுத்துக்கொண்டேதான்.

கையெழுத்து மட்டும் போடமாட்டான். எழுதத் தெரியாமல் இல்லை, நான்தான் சொல்லிக்கொடுத்தேன். முழுப்பெயர் கோர்னீலியஸ் பெட்டிங்கில். "அதை எழுதி முடிக்கறதுக்குள்ள ஆடு வித்துப் போயிரும்க்கா" என்பான். ஆட்டுக்கு அடையாளம் போடும் நீலச் சாக்கட்டி எப்போதும் அவன் பாக்கெட்டில் இருக்கும். வங்கியானாலும் சரி, கல்யாணப் பதிவேடானாலும் சரி, கையெழுத்துக்குப் பதில் அதால் ஓர் ஆட்டுத்தலை: ஒரு வட்டம், அதன்மேல் இரண்டு காது. வெண்டியின் அப்பா அந்தப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி நாயைத் தேடினார்.

எங்கள் சந்தைக்குக் கூரை கிடையாது, தரையும் வெறும் மண். மழை பெய்தால் ஆடு வயிறுவரை சேற்றில் நிற்கும், அதை யார் வாங்குவார்கள்? குளிர்காலம் முடிந்ததும் சந்தையை மூடிவிட்டு, ஆடுகளை டிங்கர்ஸ் கிரீக் சந்தைக்கு அனுப்பிவிடலாம் என்று நகரசபை பேசிக்கொண்டிருந்தது. மூடினால் நீலுக்கு வேலை இல்லை, எனக்குச் சந்தை டீக்கடை இல்லை. கிராமப்புறச் சந்தைகளுக்கு அரசாங்கம் பணம் தருகிறது என்று தெரிந்து விண்ணப்பித்தோம். பார்வையிட சிட்னியிலிருந்து இமோஜன் என்ற அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

உடனே நீல் சந்தையைக் கழுவ ஆரம்பித்தான். பட்டிகளில் இருந்த சேற்றை வாரினான், சரளை கொட்டினான், வேலிக்கெல்லாம் வெள்ளை அடித்தான். தண்ணீர்த் தொட்டியைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். நானும் சும்மா இருக்கவில்லை. கடை ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துப் போட்டேன். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் வேறென்ன செய்வது?

இமோஜன் ஒரு சுற்று வந்தார். தரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை.

"ரொம்ப அழகா வச்சிருக்கீங்க. நான் பார்த்ததுலயே சுத்தமான சந்தை இதுதான்."

நீலின் காது சிவந்தது.

"அதனால இந்தப் பணத்தை டிங்கர்ஸ் கிரீக்குக்குக் கொடுக்கறதுதான் நியாயம். அங்க ரொம்ப மோசம். நீங்களே இவ்வளவு நல்லா சமாளிக்கிறீங்களே."

அவரைக் கடையில் உட்காரவைத்து, டீயும் சாசேஜ் ரோலும் கொடுத்துவிட்டு, தம்பியைப் பின்பக்கம் இழுத்துப்போனேன்.

"படம் எடுக்க இன்னொரு சுத்து வரப்போறாங்கடா. கழுவுனவனே போய் அழுக்காக்கு."

"எப்பிடிக்கா அழுக்காக்கறது?"

"ஊரே செய்யுது, உனக்குத் தெரியாதா? போ."

போனான். தள்ளுவண்டியில் புழுக்கையை அள்ளிக் கொண்டுவந்து, ஒவ்வொரு பட்டியின் நட்டநடுவிலும் ஒரு குவியல் வைத்தான். எல்லாம் ஒரே உயரம். உச்சியைக் கையால் தட்டிக் கூராக்கியும் இருந்தான். இமோஜன் வந்து பார்த்தபோது ஏதோ கோயில் வரிசைபோல இருந்தது.

"இது என்ன?"

அவனுக்குப் பொய் வராது. "அழுக்குங்க. நான்தான் வச்சேன். நெசமாவே இங்க அசிங்கமாத்தாங்க இருக்கும். நீங்க வர்றீங்கன்னு வெக்கப்பட்டுக் கழுவிட்டேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. "அடுத்து மழை பெய்யற சந்தை நாள்ல வர்றேன். அதுவரைக்கும் நீங்க துடைப்பத்தைத் தொடக்கூடாது."

துடைப்பத்தையும் தண்ணீர்க் குழாயையும் கடைக்குள் வைத்துப் பூட்டினேன். நீலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பட்டிகளைக் கடப்பான்.

ஜூலையில் நல்ல மழைச் செவ்வாய் ஒன்று வாய்த்தது. டெஸ் நடைபலகையில் வழுக்கி, நாற்பது ஆடுகளின்மேல் உட்கார்ந்து அவற்றின் விலையைக் கூவினார். இமோஜன் பட்டிக்குள் இறங்கினார். நான்கு அடி நடந்ததும் கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை.

நீல் பாய்ந்துபோய்த் தோண்டி எடுத்தான். ஓடினான். அவர் ஒற்றைக்காலில் வேலியைப் பிடித்தபடி நிற்க, ஆட்டுத் தொட்டியில் கழுவி, தன் சட்டையால் துடைத்து, பளபளவென்று கொண்டுவந்து நீட்டினான்.

"ஐயோ, அதாங்க எனக்குச் சாட்சி. மேலிடத்துல காட்டலாம்னு இருந்தேன்."

நீல் பூட்ஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அழுதுவிடுவான் போலிருந்தது.

"சரி, கொடுங்க." வாங்கி மாட்டிக்கொண்டு, அதே இடத்தில் மறுபடி காலை விட்டார். முழங்கால்வரை. பூட்ஸைச் சேற்றோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, என் கடைச் செருப்பைப் போட்டுக்கொண்டு சிட்னிக்குப் போனார்.

அடுத்த வருடம் கூரை வந்தது. தரைக்குச் சிமெண்டு போட்டார்கள். மேஸ்திரி கடைசியாகப் பலகையால் இழுத்து முடித்தபோது அது கண்ணாடிபோல இருந்தது. காக்கை உட்காராமல் நீல் தொப்பியை வீசிக் காவல் காத்தான். கால் வைத்தால் கொன்றுவிடுவேன் என்று டெஸ்ஸை மிரட்டினான்.

எல்லோரும் டீ குடிக்க வந்த பிறகு எட்டிப் பார்த்தேன். என் தம்பி வாசல் மூலையில் மண்டியிட்டிருந்தான். பாக்கெட்டிலிருந்து சாக்கட்டியை எடுத்தான், திரும்ப உள்ளே போட்டான். ஆள்காட்டி விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அந்தப் புதுத் தரையில் ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றுகூட விடாமல் எழுதினான்.

கோர்னீலியஸ் பெட்டிங்கில், 21 அக்டோபர் 2016.