அட்டையை மறைத்த கை

டிப்போவில் அவருக்கு ‘இன்ஜின்’ என்று பெயர். பத்தொன்பது வருடமாக பஸ் ஓட்டுகிறார் என்பதற்காக அல்ல; ஓய்வறையில் படுத்தால் விடும் குறட்டைக்காக. அதை போனில் பதிவு செய்து ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தாலே அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும். குறட்டை நடுவில் சட்டென்று நின்றுபோகுமே, மூச்சும் சேர்ந்து நின்றுபோகுமே, அது ஒருத்தன் காதிலாவது விழுந்ததா?

அவள் காதில் விழுந்தது. மன்றாடி டாக்டரிடம் இழுத்துப் போனாள். தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் என்று சொல்லி, படுக்கும்போதெல்லாம் போட்டுக்கொள்ள நீளக் குழாயும் முகமூடியும் வைத்த ஒரு மெஷினை டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஓய்வறையில் ஒரே ஒரு நாள் போட்டார் மனிதர். “இன்ஜினுக்குத் தும்பிக்கை முளைச்சிருக்குடா!” என்றான் எவனோ. அன்றோடு மெஷின் பீரோ மேல் ஏறிவிட்டது.

போன மாதம் மதியத் தூக்கம் கலைந்து எழுந்தவர், “வலது கண்ணுல பாதிக்குக் கீழ ஒண்ணுமே தெரியல” என்றார். கண் நரம்புக்கு ரத்தம் போவது தடைபட்டிருக்கிறது என்றார் கண் டாக்டர். மூச்சு நிற்பதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அந்த நோய் உள்ளவர்களுக்கு இப்படி வருவதுண்டு. போன பார்வை திரும்புவது கஷ்டம், இன்னொரு கண்ணுக்கும் வரலாம், மெஷினைப் போடுங்கள் என்றார்.

மெஷின் கீழே இறங்கவில்லை. அதற்குப் பதில் ஒரு துண்டுச்சீட்டு வீட்டுக்கு வந்தது. டிப்போவில் வருடாவருடம் கண் பரிசோதனைக்கு ஒரே அட்டைதான். அதிலுள்ள எழுத்துகளை டிரைவர்கள் எழுதிக் கைமாற்றிக்கொள்வார்கள். குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அவர் அதையே முணுமுணுத்தார். “அங்க வந்து வாயத் திறந்த, அவ்வளவுதான்” என்று அவளிடம் உறுமவும் செய்தார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. கூடப் போனாள்.

நர்ஸ் இடது கண்ணை மூடச் சொன்னதும் அவர் மேல்வரியிலிருந்து கடகடவென்று ஒப்பிக்க ஆரம்பித்தார். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. குனிந்தபடியே போய் அட்டையின் கடைசி இரண்டு வரிகள் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். அவர் பார்வை மேல்வரியிலேயே நின்றது. வாய் மட்டும் கீழே இறங்கியது. கைக்கு அடியில் கிடந்த எழுத்துகளையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, “போதுமாம்மா?” என்றார் பெருமையாக.

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள்.

“என் கையே உங்களுக்குத் தெரியலையே,” என்றாள் மனைவி. “குறுக்க ஒரு குழந்தை ஓடி வந்தா தெரியுமா?”

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் பயணியாக உட்கார்ந்து வந்தார். வீட்டு வாசலைத் தாண்டிய பிறகுதான் பேச்சு வந்தது.

“ஸ்டியரிங்கைப் பிடுங்கிட்ட. இப்ப திருப்தியா?”

“இல்ல. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல. உங்க மூச்சு திரும்பி வருதா வருதான்னு நான் தூக்கத்தத் தொலைச்சேன். நீங்க எவனோ கேலி பண்ணான்னு கண்ணத் தொலைச்சிருக்கீங்க.” ஸ்டூலைப் போட்டு ஏறி, தூசி பறக்க மெஷினை இறக்கிக் கட்டிலில் வைத்தாள். “மிச்சம் ஒரு கண்ணு இருக்கு. அதுவும் போச்சுன்னா என்ன செய்வீங்க? என் முகத்தையும் மனப்பாடமா ஒப்பிப்பீங்களா?”

அவர் முகமூடியை எடுத்து, எந்தப் பக்கம் மேலே என்று தெரியாமல் தலைகீழாக மாட்டிக்கொண்டார். அவள் திருப்பி மாட்டி, வாரைத் தேவைக்கு மேலேயே இறுக்கினாள்.